கரண்டியால் ஊட்டுதல்

கொட்டாஞ்சேனையிலிருந்து மாணவர் ஒருவர் கேட்கின்றார்: “எங்கள் ஆங்கில ஆசிரியர், ‘இனி உங்களை ஸ்பூன்-ஃபீட் செய்யமாட்டேன்’ என்று வகுப்பிற் கூறினார். அகராதியிலே ‘கரண்டியால் உணவூட்டல்’ என்றிருக்கின்றது. அவர் எங்களுக்கு ஒருநாளும் உணவூட்டியதில்லையே! இதன் பொருள் யாது?”

அகராதி பிழை கூறவில்லை. ‘ஸ்பூன்’ என்பது கரண்டி; ‘ஃபீட்’ என்பது ஊட்டு. தாமாக உண்ண இயலாத குழந்தைக்கும் நோயாளிக்கும் கரண்டியால் ஊட்டுதலே இதன் நேர்ப்பொருள். அச்செயலில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆயின், எடுத்துண்ண வல்ல பிள்ளைக்கும் ஊட்டிக்கொண்டேயிருந்தால் அதன் கை பழகாது. இதுபற்றியே, ஒருவர் தாமே சிந்தித்துச் செய்யவேண்டியதை மற்றொருவர் அளவுக்கு மிஞ்சிச் செய்து கொடுப்பதை ஆங்கிலத்தில் ‘ஸ்பூன்-ஃபீடிங்’ என்பர். பெரும்பாலும் குறைகூறும் இடத்திலேயே இது வரும்.

நம்மவர் ‘வாழைப்பழத்தை உரித்து வாயில் வைத்தாற்போல’ என்பர். பாடத்தைத் தெளிவாக விளக்கும் ஆசிரியரைப் பாராட்டவும் அவ்வாறு சொல்வதுண்டு. ஆங்கிலத் தொடரில் அந்தப் பாராட்டு இல்லை. ‘வெள்ளிக் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு பிறந்தவன்’ என்று வேறொரு தொடரும் ஆங்கிலத்தில் உண்டு. அது செல்வக் குடியிற் பிறந்தவனைக் குறிப்பது. இரண்டிலும் கரண்டி இருப்பதால் ஒன்றை மற்றொன்றென மயங்கலாகாது.

இத்தொடரின் பொருளை யான் அகராதியிலன்றி என் வீட்டிலேயே கற்றேன். வெள்ளவத்தையில் எங்களோடிருக்கும் பேரனுக்குத் தவணைப் பரீட்சை வந்தது. ‘நான் சென்ற சுற்றுலா’ என்னும் கட்டுரையை யானே எழுதிக் கொடுத்தேன். உவமைகளும் அடைமொழிகளும் நிறைந்த கட்டுரை! பிள்ளை ஓர் எழுத்துப் பிசகாமல் மனனஞ் செய்தான். பரீட்சையில் வந்த தலைப்போ ‘மழை பெய்த ஒரு நாள்’. தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தான். இரண்டு நாளைக்கு முன்னர்தான் காலி வீதியில் தலையோடு கால் நனைந்து சிரித்துக்கொண்டு வீடு திரும்பியவன் அவன். “ஏன் எழுதவில்லை?” என்று கேட்டேன். “அதை நீங்கள் எழுதித் தரவில்லையே, அப்பப்பா” என்றான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இது என் வீட்டுக் குறை மட்டுமன்று. ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வின்றிப் புத்தகப்பை சுமந்து வகுப்புக்கு வகுப்பு ஓடும் சிறாரைக் கொழும்பிலே காண்கின்றோம். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை எண்ணிப் பாருங்கள். வறிய குடும்பத்துப் பிள்ளைகளும் நல்ல பாடசாலைகளிற் கற்கவேண்டும் என்னும் நோக்கத்தோடு, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் 1940களில் முன்னெடுத்த கல்விச் சீர்திருத்தங்களின் வழி வந்தது அது. பிள்ளையின் சொந்த ஆற்றலைக் கண்டறிவதே அதன் கருத்து. இன்றோ, பரீட்சை நெருங்கியதும் மேலதிக வகுப்புகளையும் மாதிரி வினாத்தாள் விநியோகத்தையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்ய வேண்டியிருக்கின்றது. 2024 செப்டெம்பர் 15ஆம் திகதி நடந்த பரீட்சையிலே மூன்று வினாக்கள் முன்னரே வெளியாயின என்னும் பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை சென்றது. பத்து வயதுப் பிள்ளைகள் என்ன குற்றஞ் செய்தனர்? பெரியோர் ஊட்ட முனைந்ததன் சுமையை அவர்களன்றோ சுமந்தனர்!

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் இதற்கு ஒரு கணக்கே உண்டு. ஆசிரியர் கூறியதை முற்றும் நன்றாகக் கேட்டுக் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது காற்பங்குப் புலமையே. உடன் கற்பாரோடு பயில்வதனால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் வரும். நல்லூர் ஆறுமுக நாவலர் காண்டிகையுரை வகுத்த நூல் இது. நம் நாட்டுத் தமிழ் மாணாக்கர்க்குப் புதியதன்று. யான் பேரனுக்குக் கொடுத்தது அந்த முதற் காற்பங்குகூட அன்று. அவன் கேட்டு விளங்கிக்கொள்ளவில்லை, விழுங்கினான்.

உதவியே கூடாது என்று சொல்ல வரவில்லை. பிள்ளை தடுமாறும்போது கைவிடுதல் ஊட்டுதலினுங் கொடிது. விடையைச் சொல்வதற்கு முன், “நீ என்ன நினைக்கின்றாய்?” என்று கேளுங்கள். அதன்பின் ஒரு குறிப்பு மட்டும் கொடுங்கள். பிழையாக எழுதினாலும் முதலில் எழுதவிடுங்கள். பிறகு இருவருமாக இருந்து திருத்தலாம். மாலையிலே, அன்று படித்ததை அம்மாவுக்கோ தங்கைக்கோ சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். நன்னூலார் சொன்ன அரைப்பங்கு அங்கே வந்து சேரும்.

பேரன் சென்ற வாரம் மழையைப்பற்றி ஏழு வரி எழுதினான். எழுத்துப் பிழை ஐந்து. ‘சப்பாத்துக்குள் கடல் வந்தது’ என்று ஒரு வரி இருந்தது. என் கட்டுரையில் அத்தகைய வரி ஒன்றுமில்லை.

கொட்டாஞ்சேனை மாணவரே, உம்முடைய ஆசிரியர் உம்மைக் கைவிட்டாரல்லர். உம்மால் இயலும் என்று நம்பியே அவ்வாறு கூறினார். இத்தொடரை அமைத்து ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்கள் எழுதிப் பாரும். மாதிரிக்கு ஒன்று தரலாமென்று எண்ணினேன். பின்னர் வேண்டாமென்று விட்டேன்.