யாருக்குக் கவனக்குறைவு?

எங்கள் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுகிற ஒரு சொல் உண்டு. கவனக்குறைவு. பட்டாசு ஆபீசில் அறை வெடித்து ஆள் கருகிச் செத்தால் முதலில் வருகிற சொல் அதுதான். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று இருபது பேருக்குக் குறையாமல் செத்தார்கள். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் டீக்கடைப் பேச்சு ஒன்றுதான்: "உராய்வு, வேலைக்காரன் கவனமா இல்ல." அனுமதிக்கு மேல் ஆளையும் மருந்தையும் ஒரே அறையில் அடைப்பது யார், உள்குத்தகைக்கு விடுவது யார் என்ற கேள்வியெல்லாம் பிறகுதான். செத்தவர் எழுந்து வந்து மறுத்துப் பேசப்போவதில்லை.

இதே சொல் மருத்துவத்திலும் இருக்கிறது. ஏ.டி.எச்.டி. என்பதைத் தமிழில் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என்கிறார்கள். மூளை வளர்ச்சியோடு சின்ன வயதிலேயே வருகிற நிலை இது. சோம்பலோ திமிரோ வளர்ப்புக் கோளாறோ அல்ல. ஒன்றைத் தொடங்கி முடிக்க முடியாது, வைத்த பொருள் வைத்த இடத்தில் இராது, உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது, நினைத்த மாத்திரத்தில் வாயும் கையும் முந்தும். செத்துப்போன தொழிலாளிக்கு ஒரு நொடியில் கிடைக்கிற இந்தச் சொல், உயிரோடு மருத்துவமனை வரிசையில் நிற்கிற ஒரு தலித் திருநங்கைக்கு ஏன் கிடைக்கமாட்டேன் என்கிறது? இதுதான் என் கேள்வி.

நான் ஆனைக்குட்டத்துக்காரி. காலனியில் பிறந்தவள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன காலத்தில் நான் சின்னப் பிள்ளை. எங்கள் தெருவைப் பொறுத்தவரை பிள்ளைகள் ஆபீசிலிருந்து திண்ணைக்கு வந்தார்கள், வேலையும் கூடவே வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து தீப்பெட்டி ஒட்ட வேண்டும். அக்கா ஒரு குரோஸ் முடிக்கிற நேரத்தில் நான் கால் குரோஸ் ஒட்டியிருக்க மாட்டேன். பசையை அப்படியே வைத்துவிட்டு அணைக்கரைக்கு ஓடிவிடுவேன். வீட்டில் அடி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார், "காலனிப் புள்ளைக்குப் படிப்பு எங்கடா ஏறப்போவுது" என்று காரணம் சொல்லி முடித்துவிட்டார். வயது ஏற ஏற என் நடை, பேச்சு, தாவணி ஆசை எல்லாம் வெளியே தெரிந்தன. அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் காரணம் அதுவாகிப் போனது. முதலில் சாதி, பிறகு பாலினம். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பதினான்கு வயதில் மதுரைக்குப் போய்விட்டேன். பத்தாவது தனித்தேர்வர், எம்.ஏ. தமிழ் தபாலில். ஒவ்வொரு தேர்வையும் இரண்டு மூன்று முறை எழுதித்தான் தாண்டினேன்.

முப்பது வயதுக்கு மேல் ஒரு தோழி சொல்லி மனநல மருத்துவரிடம் போனேன். "சின்ன வயசுல எப்படி இருந்தீங்கன்னு தெரியணும். அம்மாவக் கூட்டிட்டு வாங்க, பள்ளிக்கூட ரிப்போர்ட் இருந்தா கொண்டு வாங்க" என்றார். என்னைத் துரத்திய இரண்டு இடத்திலிருந்தும் சாட்சி வேண்டுமாம். எப்படியோ கெஞ்சி அம்மாவை அழைத்துப் போனேன்.

"சின்னப் பிள்ளையில ஒரு இடத்துல உக்காருவாங்களா?"

"எங்க சார், பொம்பளப் புள்ளைகளோடயே ஓடிரும்."

"சொன்ன வேலைய முடிப்பாங்களா?"

"கண்ணாடிக்கு முன்னால நின்னா வேலை எப்படி சார் ஓடும்?"

அம்மா பொய் சொல்லவில்லை. நான் பொட்டை என்கிற ஒரே ஞாபகம் மற்ற எல்லா ஞாபகத்தையும் தின்றுவிட்டது. மருத்துவரின் பேனாவும் அந்த வழியிலேயே போனது. கவனத்துக்காகப் போன என்னை மறுபடியும் பாலின ஆலோசனைக்கு எழுதி அனுப்பினார். அதை நான் பத்து வருஷத்துக்கு முன்பே முடித்துவிட்டேன்.

இது ஒரு மருத்துவரின் குணக்கேடு அல்ல. விதியே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஐந்தாவது கையேட்டின்படி, அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீடு பள்ளி போல இரண்டு இடங்களிலாவது தெரிந்திருக்க வேண்டும். இதற்குப் பெற்றோரையும் ஆசிரியரையும் கேட்பது வழக்கம். வீடும் பள்ளியும் தாங்கிப் பிடித்த பிள்ளைக்கு இது சரி. இரண்டாலும் துரத்தப்பட்டவருக்கு? அந்த அறிகுறிகளும் பெரும்பாலும் சிறுவர்களைப் பார்த்து எழுதப்பட்டவை. பெண்ணாக வளர்க்கப்பட்டு, வாய் பேசாமல் உள்ளுக்குள்ளேயே அலைந்த திருநம்பி இன்னும் கண்ணில் படமாட்டார்.

2020இல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்து வெளிவந்த ஓர் ஆய்வு, பாலின மாறுபட்டோரிடம் ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதைச் சொன்னது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அது சொல்லவில்லை. ஆனால் நம் ஊர்ப் பொதுப்புத்தி உடனே அங்கேதான் தாவும்: "கவனம் சிதறுது, அதான் இப்படி ஆசை. அத சரி பண்ணா இது போயிரும்." போகாது தோழர்களே. மாத்திரை தின்றால் கவனம் கூடலாம், நான் ஆணாகிவிட மாட்டேன்.

நம் தோழர்களிடமும் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. "இது மேல்நாட்டு நோய், மருந்துக் கம்பெனி விற்கிற பெயர், இன்னொரு முத்திரை எதற்கு?" என்கிறார்கள். முத்திரையின் வரலாறு எனக்கும் தெரியும். 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்கிற அமெரிக்க மருத்துவர், தப்பியோடும் கறுப்பு அடிமைகளுக்கு ஓடுகிற நோய் என்று ஒரு பெயர் வைத்தார். ஒருபால் ஈர்ப்பு 1973 வரை அமெரிக்கக் கையேட்டில் நோயாக இருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது பட்டியலில்தான் பாலின முரண் மனநோய்ப் பகுதியை விட்டு வெளியேறியது. பசியையும் தூக்கமின்மையையும் அடிவாங்கிய பயத்தையும் ஏ.டி.எச்.டி. என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் பொறுமையாகக் கேட்டுப் பிரித்தறிகிற மருத்துவர் வேண்டும் என்கிறேன். ஆனால் பெயர் வைப்பது மட்டும்தான் அதிகாரமா? பெயர் தர மறுப்பதும் அதிகாரம்தான். பெயர் இல்லாத இடத்தில் சும்மா வெற்றிடம் இருப்பதில்லை. அங்கே "முட்டாள்", "திமிர் பிடிச்சது", "சேரிப் புத்தி" என்று ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் சுவாஸ்திய காரியக்ரம் திட்டத்தில், 18 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் பார்க்க வேண்டிய 30 குறைபாடுகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. அரசுப் பள்ளிக்கே வந்து பார்க்க வேண்டிய திட்டம். 2017 மனநலச் சட்டம், சாதி பாலினம் பாராமல் சிகிச்சை பெறுவதை உரிமை என்கிறது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலினத்தை மாற்றுகிறேன் என்று கிளம்பும் வைத்தியத்துக்குத் தடை போட்டார். இன்னொரு பக்கம், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. இதற்கான முக்கிய மருந்தான மெத்தில்ஃபெனிடேட், தனி உரிமம் உள்ள கடையில் மட்டுமே விற்கக்கூடிய அட்டவணை எக்ஸ் மருந்து. மதுரைக்கு வந்து போகிற பஸ் காசு யாருக்கு இருக்கிறது?

ஆகவே கேட்கிறோம். பெற்றோரும் பள்ளியும் கைவிட்டவருக்கு, கூட வாழ்கிற ஜமாத் அம்மாவின் வாக்கையும் தோழமைகளின் வாக்கையும் சாட்சியாக எடு. கவனத்துக்காக வந்தவரிடம் கவனத்தைப் பற்றிக் கேள். ஏ.டி.எச்.டி. இருக்கிறது என்று சொல்லிப் பாலின சிகிச்சையைத் தள்ளிப்போடாதே. பட்டாசு ஊர்ப் பள்ளிகளில் அந்த 30 குறைபாடுகளின் பட்டியலை உண்மையாகவே பிரித்துப் பார். மருந்தை மாவட்ட மருத்துவமனையிலேயே கொடு.

எனக்கு இன்னும் சான்று கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரையை பதினோரு நாளாக, ஏழு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். இரண்டு துண்டு தொலைந்து மறுபடி எழுதினேன். ஆனைக்குட்டத்தில் இன்றைக்கும் ஒரு பிள்ளை பசையை வைத்துவிட்டு அணைக்கரைக்கு ஓடிக்கொண்டிருக்கும். நாளைக்கு அந்தப் பிள்ளை மருந்து அறையில் உட்காரும். வெடித்த பிறகு எழுதுகிற அந்தச் சொல்லை, வெடிப்பதற்கு முன்னால் எழுதச் சொல்கிறோம். அவ்வளவுதான்.