பேய் பிடித்த திரை

சென்ற ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில், ஹட்டனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து மாணவி ஒருத்தி தன் தாயாருடன் என் இல்லத்துக்கு வந்தாள். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று கிழமைகளே இருந்தன. "சேர், போன் தானாகவே திறக்கிறது, தானாகவே எழுதுகிறது. லயத்தில் எல்லோரும் பேய் பிடித்துவிட்டது என்கிறார்கள்" என்றாள். அவளுடைய பாடக்குறிப்புகள் யாவும் படங்களாக அதனுள்ளேதான் இருந்தன. திரையையே மாற்றவேண்டும் என்று கடையொன்றில் கூறிவிட்டார்களாம். அதற்கான பணத்தைத் தாயார் முந்தானையில் முடிந்து வந்திருந்தார். கொழுந்து பறித்துச் சேர்த்த காசு.

திரை என்று நாம் சொல்வது உண்மையில் ஒன்றன்று, இரண்டு. மேலே தொடுகையை உணரும் படலம். கீழே ஒளியைக் காட்டும் படலம். மேற்படலத்தில் கண்ணுக்குப் புலனாகாத மின்கடத்திகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. நமது உடல் மின்னைக் கடத்துமாதலால், விரல் அணுகியதும் அவ்விடத்து மின்நிலை மாறுகிறது. அம்மாற்றத்தையே கைபேசி தொடுகை என்று கொள்கிறது. இங்கிலாந்தின் மால்வேர்ன் ராடார் ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த இ. ஏ. ஜோன்சன் என்பார் 1965இலேயே இத்தகைய தொடுதிரையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

நீரும் மின்னைக் கடத்துவதே. ஆகவே ஈரத்துளியையும் விரலென்று கைபேசி மயங்கக்கூடும். பனிமூட்டம் வாசற்படி ஏறிவரும் நம் மலைகளில் இஃது அதிசயமன்று. மற்றொரு காரணம் மலிவான சார்ஜர். அதிலிருந்து கசியும் மின்னிரைச்சல், யாரும் தொடாத இடத்தையும் தொட்டதாகக் காட்டிவிடும்.

மாணவியிடம் சார்ஜரைக் கழற்றச் சொன்னேன். ஆட்டம் பாதி அடங்கியது. மேலே ஒட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடியை மெல்ல உரித்தோம். அதனடியில் ஈரம் படிந்திருந்தது. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, நிறுத்தி, மீண்டும் இயக்கினோம். பேய் போயிற்று.

எல்லாப் பழுதும் இவ்வளவு எளிதில் தீருமென்று எண்ணிவிடலாகாது. மை கொட்டியதுபோல் கறுப்புப் படர்ந்தால் ஒளிப்படலம் உடைந்தது என்றே கொள்ளவேண்டும். அதற்கு மாற்றுத்திரையே மருந்து. கோடுகள் தோன்றினாலோ, கடைக்குப் போகுமுன் ஒரு சோதனை உண்டு. திரையை அப்படியே படமாகப் பிடிக்கும் வசதி கைபேசியிலேயே இருக்கிறதன்றோ? அப்படத்தை வேறொரு கைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கும் கோடு தெரிந்தால் குற்றம் மென்பொருளினது. நிறுத்தி இயக்கினாலே பல வேளைகளில் சரியாகிவிடும். அங்கே தெரியவில்லையெனில் திரையிலோ, அதனை இணைக்கும் நாடாவிலோ பழுது. இச்சோதனைக்குக் காசு செலவில்லை.

நனைந்த பேசியை அடுப்போரம் வைப்பதும், அரிசிப் பானைக்குள் புதைப்பதும் நம்மவர் வழக்கம். அரிசியில் இடவேண்டாமென்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் அறிவுறுத்தியது. அதன் நுண்துகள் உள்ளே புகுந்து கேடு செய்யலாம். நிறுத்தி, துடைத்து, காற்றாட வைப்பதே தக்கது. தானாக இயங்கும் பேசியையும் உடனே நிறுத்திவிடுங்கள்; பிழையான இரகசிய எண்ணைத் தானே பலமுறை அழுத்தித் தன்னைப் பூட்டிக்கொள்ளக் கூடும். தொடுகை முற்றாக மரத்துப்போனாலும் மனந்தளர வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு பேசிகள் பலவற்றில் சிறு இணைப்பியொன்றைச் செருகி, கணினி மவுஸைக் கொண்டே உள்ளிருப்பதை மீட்கலாம்.

அன்றிரவே குறிப்புகள் அனைத்தையும் அவளுடைய அண்ணனின் பேசிக்கும் அனுப்பச் செய்தேன். விடைபெறும் வேளையில் தாயார் முந்தானை முடிச்சை அவிழ்த்து, தாள்களை மறுபடி எண்ணினார்.

"இதுல நல்ல சார்ஜர் ஒண்ணு வாங்கிக்கலாமுங்களா, ஐயா?"

"தாராளமாக வாங்கலாம், அம்மா. மீதியும் இருக்கும்" என்றேன்.