உல்லாச யாத்திரை: ஐரோப்பாவா, அமெரிக்காவா?

நம்மவருக்குள் ஒரு புதிய க்ஷேத்திர யாத்திரை தோன்றியிருக்கிறது. முன்னாளில் காசிக்குச் சென்று மீண்டவன் ஒரு செம்பு தீர்த்தத்தை ஊரார் முன் வைத்துத் தன் பெருமையை நிலைநாட்டினான். இந்நாளில் பாரிஸ் நகருக்கருகிலும் புளோரிடா மாகாணத்திலும் உள்ள கேளிக்கைப் பூங்காக்களுக்குச் சென்று மீள்பவன், இரண்டு காதுகள் முளைத்த ஒரு தொப்பியை வைத்து அதே பெருமையை நிலைநாட்டுகிறான். தீர்த்தம் தொப்பியாயிற்று, மனப்பான்மை மட்டும் மாறவில்லை.

சில திங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையொன்றில் அமர்ந்திருந்தேன். அடுத்த மேசையில் கனவான்கள் இருவர். ஒருவர் கணக்காய்வாளர், மற்றவர் கட்டட ஒப்பந்தக்காரர் என்பது அவர்தம் பேச்சினின்று விளங்கிற்று. முன்னவர் குடும்பத்தோடு அமெரிக்கா சென்று மீண்டவர். பின்னவர் பாரிஸ் சென்று மீண்டவர். ரசம் வருமுன் தொடங்கிய வாதம் மோர் வந்த பின்னும் ஓயவில்லை. "அமெரிக்காவிலே ஒரே இடத்தில் நான்கு பூங்காக்கள், அதைப் பாராதவன் ஒன்றையும் பாராதவன்" என்றார் ஒருவர். "ஐரோப்பாவிலே ரயிலேறினால் பூங்கா வாசலிலேயே இறங்கலாம், பூங்காவும் ஆயிற்று, பாரிசும் ஆயிற்று" என்றார் மற்றவர். எங்கே வரிசை நீளம், எங்கே உணவு விலை அதிகம், எந்தக் கோட்டை உயரம் என்று ஒருவரையொருவர் மடக்கினர். இத்தனையும் பேசியவர்கள் கை கழுவ எழுந்தபோது பேசிக்கொண்டது யாது? அட்டைக் கடன் இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்பதே!

இதைச் சொல்லி நகைக்க எனக்கு முழு உரிமையில்லை. யானும் அக்குற்றவாளிகளுள் ஒருவன். கிள்ளான் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணியாயிருப்பவன். ஆங்கிலத்தின் வழிக் கல்வி கற்றவன். ஆங்கிலப் படக்கதையிற் கண்ட கோட்டையைப் பிள்ளைகளுக்கு நேரிற் காட்டாவிடில் தகப்பனாயிருந்து பயனென்ன என்று கருதினவன். கூட்டுறவுக் கடன் பெற்றுப் பாரிஸ் பூங்காவுக்குச் சென்றேன். பூங்காவில் இரண்டு நாள். தவணையோ முப்பத்தாறு மாதம். ஆகவே, வாசகர் இக்கட்டுரையைப் பொறாமைக்காரனின் புலம்பலாகக் கொள்ளாது, பட்டறிந்தவனின் வாக்குமூலமாகக் கொள்ள வேண்டுகிறேன்.

நிற்க. ஒப்பிடுவதென்றால் செவ்வையாக ஒப்பிடுவோம். ஐரோப்பாவின் பழைய பூங்காக்களுட் சில, அரசர் வேட்டையாடிய காடுகளிலே எழுந்தவை. டென்மார்க்கில் கோபன்ஹேகனுக்கு வடக்கேயுள்ள பாக்கன், 1583ஆம் ஆண்டினின்று தன் வயதைக் கணக்கிடுவது. வியன்னா நகரத்துப் பிராட்டரை 1766இல் இரண்டாம் ஜோசப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். இவ்விரண்டிடங்களிலும் இன்றும் வாயிலிற் காசு கேட்பாரில்லை. இராட்டினம் ஏறினால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். ஏறாதவன் மரநிழலில் உலாவிக் களித்து வீடு திரும்பலாம். சீமான் வீட்டுக் குழந்தையும் கூலிக்காரன் குழந்தையும் ஒரே வாயிலால் நுழைகின்றன.

இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவாலைத் தொழிலாளர் வழக்கம் இன்னும் கவனிக்கத்தக்கது. ஆண்டுக்கொரு வாரம் ஊரிலுள்ள ஆலைகளெல்லாம் ஒருங்கே மூடப்படும். ஊரார் திரண்டு பிளாக்பூல் கடற்கரைக்கு ரயிலேறுவர். 1896இல் தோன்றிய கேளிக்கைப் பூங்கா அங்கே அவர்களை எதிர்கொண்டது. அந்த ஒரு வாரத்துக்காக வாரந்தோறும் சில காசுகளைச் சங்கங்களிற் சேர்த்து வைத்தார்கள். அவர்கள் சேர்த்தபின் செலவிட்டார்கள். நாமோ செலவிட்டபின் சேர்க்கிறோம்.

அமெரிக்காவிலும் தொடக்கத்தில் ஏழைக்கு இடமிருந்தது. நியூயார்க்கின் கோனி தீவுக்கு 1920இல் சுரங்க ரயில் எட்டியபின், ஐந்து சென்ட் கொடுத்த எவனும் கடற்கரை சேர்ந்தான். பின்னர் காலம் மாறிற்று. வால்ட் டிஸ்னி 1951இல் கோபன்ஹேகனுக்குச் சென்று டிவோலிப் பூங்காவைக் கண்டவர். அது 1843 முதல் நகரின் நடுவே, நடந்து சென்று சேரத்தக்க இடத்தில் இருப்பது. அவர் 1955 ஜூலை 17இல் திறந்த டிஸ்னிலாந்தோ, கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோப்பை அழித்து, மோட்டார்ச் சாலையை நம்பி எழுந்தது. வெளியுலகம் கண்ணிற் படாதவாறு சுற்றிலும் மண்மேடு எழுப்பினார்கள். 1971இல் புளோரிடாவில் இரண்டாவது நகரம் தோன்றிற்று. அதற்கென 1967இலேயே தனிச்சட்டம் செய்து, ஓர் ஊராட்சியின் அதிகாரங்களையெல்லாம் அக்கம்பெனியின் கைக்குள் இருந்த ஒரு வட்டாரத்துக்கு அம்மாகாணம் வழங்கிற்று. 2023இல்தான் அவ்வேற்பாடு மாற்றப்பட்டது. கேளிக்கைக்காக ஒரு கம்பெனி குறுநில மன்னனாய் அரைநூற்றாண்டு ஆண்டதென்றால் அதன் வலிமையை என்னென்பது!

அமெரிக்கப் பூங்கா வாயில்களில் வேறொரு தடையும் இருந்தது. அது நிறத்தின் தடை. பால்டிமோர் நகரத்துக் குவின் ஓக் பூங்கா, போராட்டத்திற்கும் சிறைவாசத்திற்கும் பின்னரே 1963 ஆகஸ்டு 28இல் கறுப்பின மக்களுக்குத் திறந்தது. அதே ஆண்டில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், தொலைக்காட்சியில் விளம்பரம் கண்ட தம் சிறுமகளுக்கு அப்பூங்கா கறுப்புக் குழந்தைகளுக்கு இல்லை என்று எடுத்துரைக்க நேர்ந்த வேதனையை மார்ட்டின் லூதர் கிங் குறித்துள்ளார். ஐரோப்பியரும் இதிற் புனிதரல்லர். 1880களில் ஜெர்மானிய விலங்கு வியாபாரி ஹாகன்பெக், இலங்கை மக்களை யானைகளோடு கூட்டிச் சென்று நகரந்தோறும் காட்சிப் பொருளாக்கினார். வேடிக்கை பார்க்க இன்று நாம் பணங்கட்டிச் செல்லும் நாடுகளில், நம்மையொத்தவரே ஒருநாள் வேடிக்கையாயிருந்தனர்.

இவ்விரு வழிகளும் 1992 ஏப்ரல் 12இல் பாரிசுக்கருகே மோதிக்கொண்டன. அமெரிக்கப் பூங்கா பிரான்சுக்கு வந்தது. உணவோடு மது அருந்தும் நாட்டாருக்கு மது இல்லையென்றது. ஊழியர் தலைமயிர், மீசை, அணிகலன் இவற்றிற்கெல்லாம் விதி வகுத்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, அறிவாளிகள் இகழ்ந்தனர். நட்டம் பெருகிற்று. அடுத்த ஆண்டே மது உள்ளே வந்தது. 1994இல் கடன்காரரோடு புதிய ஏற்பாடு செய்து, பூங்காவின் பெயரையும் மாற்றிக்கொண்டனர். அந்நாட்டார் தம் பழக்கத்தை விடவில்லை, கம்பெனியே வளைந்தது. ஏற்பதற்கு முன் எதிர்த்துக் கேட்கும் அந்த மனத்திடத்தை அன்றோ நாம் இறக்குமதி செய்திருக்க வேண்டும்? நாம் கொண்டுவந்ததோ தொப்பி!

இனி நம் மண்ணுக்கு வருவோம். கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் ஒருகாலத்தில் பி.பி. பார்க் என்றொரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. ஜோகெட் ஆட்டமும் படக்கொட்டகையும் தின்பண்டக் கடையுமாய்ப் பல இனத்தாரும் மாலையிற் கூடிய இடம் அது. அவ்விடத்தில் 1977 முதல் சுங்கை வாங் பிளாசா என்னும் அங்காடி நிற்கிறது. பழைய ஈயச் சுரங்கக் குழியிலே சன்வே லகூன் எழுந்தது. கெந்திங் மலையில், நாட்டின் அனுமதி பெற்ற ஒரே சூதாட்ட மனைக்கு அண்மையிலேயே சிறுவர் பூங்காவும் அமைந்துள்ளது. அப்பூங்காவுக்கு அமெரிக்கப் படக் கம்பெனியொன்றின் பெயரைச் சூட்ட 2013இல் உடன்படிக்கை செய்தார்கள். 2018இல் அது முறிந்து வழக்கு கலிபோர்னியா வரை சென்றது, 2019இல் சமரசமாயிற்று, 2022இல் வேறு பெயரோடு பூங்கா திறந்தது. இரவற் பெயருக்கு வழக்காடிய பொழுதில் நம் நாட்டுக் கதையொன்றைத் தேடியிருக்கலாகாதா?

தோட்டத் தமிழனுக்கும் இவ்வுல்லாச வரலாற்றில் இடமுண்டு. ரப்பர்த் தோட்டமாயிருந்த புக்கிட் ஜாலிலில் 1998ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுக்காகப் பேரரங்கங்கள் எழுந்தன. காடழித்து மரம் நட்டவன் வாழ்ந்த இடத்தில் பிறர் கைதட்டி மகிழ்கின்றனர். அவன் பேரப்பிள்ளை நுழைவுச் சீட்டின் விலையைக் கேட்டுத் திரும்புகிறான்.

ஆயினும் விலைகூட முதற்கேள்வி அன்று. எந்தப் பூங்கா சிறந்தது என்று கேட்குமுன், யாருக்கு விடுமுறை உண்டு என்று கேட்க வேண்டும். பிரெஞ்சுத் தொழிலாளி 1936இல் பெருவேலைநிறுத்தம் செய்து, ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு கூடிய ஓய்வைச் சட்டமாகப் பெற்றான். 1993இல் ஐரோப்பிய ஒன்றியம் நான்கு வாரத்துக்குக் குறையாத ஓய்வை விதித்தது. அமெரிக்காவிலோ, சம்பளத்தோடு ஒருநாள் ஓய்வேனும் கொடுக்குமாறு தனியார் முதலாளியைக் கட்டாயப்படுத்தும் தேசியச் சட்டம் இன்றுவரை இல்லை. பெரிய பூங்காவைக் கட்டிய நாடு, அதைச் சென்று காணத் தொழிலாளிக்கு ஒரு நாளையும் உறுதி செய்யவில்லை! நம் நாட்டில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டாண்டுக்குட்பட்ட வேலையாளுக்கு 8 நாள். ஐந்தாண்டுக்குட்பட்டவருக்கு 12 நாள். அதற்கு மேற்பட்டவருக்கு 16 நாள். முதலாளி கேட்டுத் தொழிலாளி எழுத்தில் இசைந்தால், ஓய்வுக்குப் பதில் பணம் கொடுக்கவும் அச்சட்டம் வழி வைத்திருக்கிறது.

அந்த வழியின் வாயிலில் அமர்ந்திருப்பவன் கிராணி. யான் பாரிஸ் செல்லவிருந்த ஆண்டில், வெட்டுக்காரர் ஒருவர் பள்ளி விடுமுறையில் மூன்று நாள் லீவு கேட்டு வந்தார். குலை மிகுந்த பருவம், ஆள் போதாது. "லீவு எடுத்து என்ன செய்யப்போறீங்க? காசா வாங்கிக்குங்க" என்று சொல்லித் தாளை நீட்டியவன் யானே. அவர் கையெழுத்திட்டார். எனது விடுமுறையோ அதே வாரத்தில் மறுப்பின்றி அனுமதிக்கப்பட்டது. மீண்டு வந்து, அவர் மகனுக்கென வாங்கிய காதுத் தொப்பியைப் பெரட்டுக் களத்தில் அவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தொப்பி நல்லா இருக்குங்க ஐயா. பையன் மோரிப் கடற்கரைக்குப் போகணும்னுதான் கேட்டான்."

தோட்டத்திலிருந்து மோரிப் ஒரு மணி நேரப் பிரயாணம். என் தாயார் காலத்தில் லயத்துக் குடும்பங்கள் தோட்டத்து லோரியில் ஏறி, புளிச்சோற்று மூட்டையோடு அங்கே போய் மாலையில் மீண்டன. அந்த ஒரு நாளை அவர் இன்றும் சொல்லி மகிழ்கிறார். அதை ஒரு குழந்தைக்கு இல்லாமற் செய்து, அதன் ஈடாகத் தொப்பி கொடுத்தேனே! எழுத வெட்கமாயிருக்கிறது, எழுதாவிடில் இக்கட்டுரைக்கு என்ன யோக்கியதை?

"பிள்ளைகள் மகிழ வேண்டாமா? தமிழன் மட்டும் உலகைப் பார்க்கலாகாதா?" என்று சிலர் சினப்பர். தாராளமாய்ப் பார்க்கட்டும்! கைப்பொருள் உள்ளவன் இரு கண்டங்களையும் கண்டு வரட்டும். ஊருக்குக் காட்டக் கடன்பட்டுப் போவதையே யாம் கண்டிக்கிறோம். தான் ஓய்வெடுத்துப் பிறன் ஓய்வைக் காசாக்குவதை அதனினும் மிகுதியாகக் கண்டிக்கிறோம். இன்று நம் தோட்டங்களில் வெட்டுவோர் பலர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவருமாவர். ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளின் முகங்காணாத அவருக்கும் இந்நியாயம் பொருந்தும்.

செய்ய வேண்டுவன அரியவையல்ல. லங்காஷயர் தொழிலாளரைப்போல் தோட்டந்தோறும் மாதம் பத்து வெள்ளி சேர்க்கும் விடுமுறைப் பெட்டி ஒன்று வைக்கலாம். ஓய்வுநாளை விற்கும் தாளிற் கையெழுத்திடுமுன் மனைவியைக் கேட்குமாறு ஒவ்வொரு தொழிலாளிக்கும் சொல்லலாம். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வாழ் கனவான்கள் ஆண்டுக்கொருமுறை ஒரு தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பேருந்து பிடித்துக் கொடுக்கலாம். கிராணிமார் தம் லீவுத் தாளை எழுதுமுன் வெட்டுக்காரர் தாளை எழுதலாம்.

அந்த வெட்டுக்காரருக்கு வரும் பள்ளி விடுமுறையில் மூன்று நாள் லீவு என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். பருவத்தில் ஆள் குறைந்தால் துரைக்கு விடை சொல்ல வேண்டியவன் யானே. சொல்கிறேன்.