உருகுதலும் ஈயம் உருக்குதலும்

பழைய வானொலிப் பெட்டியைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளுக்கு ஓர் இலக்கணமே உருவாகிவிட்டது. தாத்தாவின் கூடம் ஒன்று வேண்டும். அதில் மர அலமாரி, அதன்மேல் பின்னல் துணி போர்த்திய பெட்டி. மாலை மங்கும் வேளையில் இலங்கை வானொலி. திண்ணையில் தெருவே கூடியிருக்க வேண்டும். ஈற்றில் 'அந்தக் காலம் போயிற்றே' என்னும் பெருமூச்சு. ஆண்டுக்கு நான்கைந்து கட்டுரைகளையாவது இந்த வாய்பாட்டில் வாசித்துவிடுகிறேன்.

அவற்றில் வரும் நினைவுகள் பொய் என்று நான் சொல்லவில்லை. 1952-இல் பி.வி. கேஸ்கர் அமைச்சராக இருந்தபோது அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியதும், நேயர்கள் சிற்றலையில் இலங்கையைத் தேடிப் போனதும், போனவர்களை மீட்க 1957-இல் விவித பாரதி தொடங்கப்பட்டதும் வரலாறு. என் வழக்கு வேறு. இந்தப் பெட்டியைப் பற்றி உருகி எழுதியவர்களில் எத்தனை பேர் அதன் பின்மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள்?

இந்த வழக்கு எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வால்வு வானொலிகளைப் பழுது நீக்குவது என் பொழுதுபோக்கு என்று சொன்னேன். கவிஞர் ஒருவர் சிரித்தார். "இது வசதி உள்ளவர்களின் பழமை மோகம்" என்றார். உடனிருந்த பேராசிரியர், "அந்த நேரத்தில் ஒரு சங்கப் பாடலுக்கு உரை எழுதலாமே" என்றார். இருவரும் வானொலி நினைவுகளை எழுதியவர்கள். இருவருக்கும் அன்று தரத் தவறிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

உருகுதல் என்ன செய்யும் என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். என்னுடன் பணியாற்றும் ஒருவர், பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவு செய்கையில், பரணிலிருந்து பாட்டனாரின் பெட்டியை இறக்கினார். நாற்பது ஆண்டு உறக்கம். தூசு துடைத்தார், மரத்துக்கு மெருகிட்டார், குடும்பத்தை அழைத்து உட்கார வைத்தார், நேராகப் பிளக்கைச் செருகிவிட்டார். பெட்டி பாடியது! சில நிமிடங்கள் எல்லோர் கண்களிலும் நீர். பிறகு உறுமல் எழுந்தது, குரல் கரகரத்தது, எரிந்த அரக்கு மணம் வந்தது, புகை வந்தது. அதோடு முடிந்தது.

அன்று நடந்தது இதுதான். அவ்வகைப் பெட்டிகளில் ஒலிபெருக்கியை இயக்கும் கடைசி வால்வுக்கும் அதற்கு முந்தைய வால்வுக்கும் நடுவே ஒரு சிறு கன்டென்சர் இருக்கும். முந்தைய வால்வின் பக்கத்தில் நூறு வோல்ட் அளவில் நேர்மின்னழுத்தம் நிற்கும். பாட்டை மட்டும் கடக்கவிட்டு அந்த மின்னழுத்தத்தைத் தடுப்பதே இந்தக் கன்டென்சரின் வேலை. அக்காலத்தில் அதை மெழுகு தோய்த்த காகிதத்தில் செய்தார்கள். காகிதம் பல மழைக்காலங்களின் ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கசியத் தொடங்கும். இஎல்84 போன்ற கடைசி வால்வில் கிரிட் சுழியத்திலும் கேத்தோடு அதைவிட ஏறத்தாழ 7 வோல்ட் மேலேயும் நிற்க வேண்டும். கசிவு வந்தால் கிரிட் தன் நிலையிலிருந்து மேலே ஏறும். வால்வு அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்கும், உள்ளே தகடு சிவக்கும், அதனோடு இணைந்த டிரான்ஸ்பார்மரின் மயிரிழைக் கம்பிச் சுற்று வெந்துபோகும். கன்டென்சரை முன்னதாக மாற்றியிருந்தால் ஒரு தேநீரின் விலைதான் ஆகியிருக்கும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வெந்த டிரான்ஸ்பார்மருக்கு ஈடு எளிதில் கிடைக்காது.

அந்தப் பெட்டியைக் கொன்றது அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன். நாற்பது ஆண்டு அலட்சியத்தைத் தாங்கி நின்ற பெட்டி, அன்பு மேலிட்ட சில நிமிடங்களில் செத்தது.

இந்த வித்தையை எனக்குக் கற்பித்தவர் எங்கள் கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்த்த ஒரு முதியவர். முதன்முறை நான் ஒரு பெட்டியைத் தூக்கிச் சென்று, "ஐயா, போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டபோது கையை நீட்டித் தடுத்தார். "அவசரப்படாதீங்க சார். மொதல்ல கண்ணால பாருங்க. அப்புறம் மோந்து பாருங்க. பிளக்கு கடைசி." அவர் மேசையில் ஒரு பலகை, பலகையில் 100 வாட் குண்டு பல்பு ஒன்று. புதிதாக வரும் எந்தப் பெட்டிக்கும் அந்தப் பல்பு வழியாகத்தான் மின்சாரம் போகும். பல்பு பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் மேற்கொண்டு போகலாம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். பெட்டி வாங்க வேண்டிய அடியைப் பல்பு வாங்கிக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கன்டென்சர்களில் ஆளைத் தூக்கியெறியும் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதையும், சிலவகைப் பெட்டிகளில் உள்ளிருக்கும் உலோகத் தட்டிலேயே வீட்டு மின்சாரம் ஓடும் என்பதையும் அவரிடம்தான் அறிந்தேன். என் முதுகலைப் பட்டத்தில் இதற்கு இணையான ஒழுங்குடன் எதையும் எனக்கு யாரும் கற்பித்ததில்லை.

இனி இரண்டாம் தரப்பு. பெட்டியின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு புளூடூத் பலகையை வைத்து, 'மீட்டெடுக்கப்பட்டது' என்று விற்பவர்கள். வாங்கி வரவேற்பறையில் வைப்பவர்களில் எழுத்தாளர்களும் உண்டு. கேட்டால், "மத்திய அலை நிலையங்கள் பலவற்றை மூடிவிட்டார்கள், இனி அதில் எதைக் கேட்பது?" என்கிறார்கள். கேள்வி நியாயமானது, நிலையங்கள் பல மூடப்பட்டதும் உண்மை. ஆனால் வால்வுப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் முதுகில் இரண்டு சிறு துளைகள் இருக்கும். இசைத்தட்டு இயந்திரத்தை இணைப்பதற்காக, செய்தவர்களே வைத்த வாசல் அது. டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டியானால், முறையறிந்தவர் அந்த வாசலில் உங்கள் கைபேசியை இணைத்துத் தருவார். ஒரு கம்பியையும் அறுக்க வேண்டாம். அதே வால்வுகள் பாடும். நாளை வேண்டாமென்றால் உருவிவிடலாம். முதுகைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும், வயிற்றைக் கீற வேண்டியிருக்காது.

மூன்றாம் தரப்பினர் என் சொந்தக் கூட்டத்தார். எதையும் மாற்றக்கூடாது என்பவர்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால், பழைய மெழுகுக் கன்டென்சரின் குழலைக் குடைந்து, புதியதை உள்ளே ஒளித்து, மீண்டும் மெழுகிட்டு மூடுவார்கள். அவர்களுடைய கைத்திறனுக்கு முன் நான் மாணவன். ஆயினும் ஒன்று கேட்பேன். தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் உ.வே. சாமிநாதையர் நினைவுக்கு வராமல் இருப்பாரா? 1894-இல் அவர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. அவருடைய புலமைக்கு அந்த இடங்களை நிரப்பும் செய்யுள் எழுத வராதா? எழுதவில்லை. இல்லாததை இல்லாததாகவே காட்டினார். ஒளித்து வைத்த கன்டென்சர், நல்லெண்ணத்தோடு செய்த இடைச்செருகல்.

நான் புதிய கன்டென்சரைப் புதியதாகவே வெளித்தெரிய வைக்கிறேன். கழற்றிய பழையதைச் சிறு உறையிலிட்டுப் பெட்டிக்குள்ளேயே கட்டி வைக்கிறேன். இதையும் அந்த முதியவரிடமே கற்றேன். அவர் கைபட்ட பெட்டிகளின் உட்பக்கத்தில் பென்சிலால் நாளும், மாற்றிய பொருளும் எழுதியிருக்கும். அவர் பதிப்புரை என்னும் சொல்லைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்.

இப்போது கவிஞருக்குப் பதில். பழமை மோகம் என்றால் அது பழையதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் நிறைவடைவது. பழுது பார்ப்பவனுக்கு அந்தச் சுகம் கிடையாது. அவன் பெட்டியை இன்றைக்குப் பேச வைக்க வேண்டும். நூலறுந்த டயலுக்கு நூல் கோக்க வேண்டும், பச்சைக் கண் ஏன் மங்கியது என்று பார்க்க வேண்டும், தவறினால் மின்சாரம் உடனே சொல்லிவிடும். அடைத்து ஒட்டப்பட்டு, திறக்கவே முடியாதபடி விற்கப்படும் பொருள்களின் காலம் இது. 2022-இல் ஒன்றிய அரசே பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்க வேண்டி வந்தது. அந்தப் பழைய பெட்டிகள் சிலவற்றிலோ, எந்த வால்வு எங்கே இருக்க வேண்டும் என்னும் படம் உள்ளேயே ஒட்டப்பட்டிருக்கும். திறந்து பார்ப்பவன் ஒருவன் வருவான் என்று எண்ணிச் செய்த பொருள் அது.

பேராசிரியருக்குப் பதில் இன்னும் கசப்பானது. உரை எழுதுவது அறிவு, ஈயம் வைப்பது கைவேலை என்று அவர் எண்ணுகிறார். கையால் செய்வதை அறிவென்று ஏற்க மறுக்கும் நம் பழைய நோய் இது. மின்தேக்கி என்று சொல்லாக்கம் செய்த நாம், 'கன்டென்சர் லீக்கு', 'கேங்கு ஒரசுது', 'காயில் ஓப்பன்' என்று நாள் முழுவதும் தமிழில் சிந்தித்தவர்களிடம் ஒரு முறையேனும் போய் உட்கார்ந்திருக்கிறோமா? கேட்பவனின் காதையும், மூக்கையும், விரல் நுனியையும் கருவியாக்கிய அந்த மொழி நம் எந்த அகராதியில் ஏறியிருக்கிறது?

இத்தனை பேசும் என்னிடமும் குற்றம் உண்டு. 2003-இல், நான் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, பழைய இரும்பு வாங்குபவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அப்பாவின் மர்ஃபி பெட்டியை எடுத்துக் கொடுத்தவன் நான். அறுபது ரூபாய் தந்தார். தெருமுனையில் அதை உடைத்து, செம்புக் கம்பிக்காக டிரான்ஸ்பார்மரைப் பிரித்தெடுத்ததை மாடியிலிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டு, தேர்வுக்காக ஏட்டுச் சுவடிகளின் அழிவு பற்றி எழுதிக்கொண்டிருந்த குறிப்புக்குத் திரும்பினேன். சுவடிகளை ஆடிப்பெருக்கில் விட்டவர்களை அதில் கடுமையாகவே ஏசியிருந்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை ஆறே முக்காலுக்கு, பெட்டி இருந்த இடத்துக்கு எதிரே தன் வழக்கமான நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

என் ஆசான் 2019-இல் காலமானார். நான் போய்ச் சேர்வதற்குள் கடையைக் காலி செய்திருந்தார்கள். கையால் வரைந்த மின்சுற்றுப் படங்கள் நிறைந்த நோட்டுகள் அவரிடம் பத்துக்கு மேல் இருந்தன. எனக்குக் கிடைத்தவை இரண்டு. அவற்றைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். 'இந்த செட்டில் கம்பெனி படம் தப்பு, நான் போட்டதே சரி' என்று ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறார். சரிபார்த்தேன். அவர் போட்டதே சரி.

ஒவ்வோர் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்தார். சில ஊர்களில் இன்னும் இருக்கிறார், கண்பார்வை மங்கி, கடையை மூடிவிட்டு, வீட்டில். அவரிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் இரண்டு நாள் உட்காருங்கள். அவர் நோட்டுகளைப் படம் எடுத்து வையுங்கள். நம் சிற்றிதழ்கள் தாத்தாவின் வானொலிக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியை அவருக்குத் தரட்டும். பரணில் பெட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதைப் பற்றி எழுதுங்கள், தடுக்கவில்லை. பிளக்கைச் செருகுமுன் மட்டும் அவரைக் கூப்பிடுங்கள்.