பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்டீர்களா?



"இவனுக்கு வாசிப்பே ஏறாது" என்று எந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னாலும் என்னால் ஏற்க முடியாது. அவனுக்குப் பிடித்ததைக் கொடுத்துப் பார்த்தோமா?

சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. வகுப்பறைக்கும் அது பொருந்தும்.

உங்களில் சிலர் இன்று ஆசிரியர்கள். "பிடித்த புத்தகம் எது?" என்று கேட்காதீர்கள். புத்தகமே தொடாத பிள்ளை நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடும். "எதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவாய்?" என்று கேளுங்கள். கிரிக்கெட் என்றால் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைக் கொடுங்கள். பேய் என்றால் பேய்க்கதை. படித்து முடித்ததும் கேள்வி கேட்டு மார்க் போடாதீர்கள். அன்றோடு ஆசை போய்விடும்.

அப்போது பாடம்? விரும்பி வாசித்துப் பழகிய பிள்ளை பாடப்புத்தகத்தைக் கண்டு மிரளாது.

பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து நீங்கள் வாசித்த முத்து காமிக்ஸும் ராணி காமிக்ஸும் உங்களைக் கெடுத்துவிடவில்லையே! வேறு என்னென்ன ஒளித்தீர்கள்? இப்போது தைரியமாகக் கீழே எழுதலாம்.