கணிப்பொறிக்கு நாம் எழுதும் பாடம்

மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் மாணவன், மோகனூர்

இன்று நாம் வாழும் காலம் செயற்கை நுண்ணறிவின் காலம். முன்பெல்லாம் ஒரு நிரல் எழுதுவதென்றால் இரவு பகலாக அமர்ந்து வரி வரியாகத் தட்ட வேண்டும். இன்றோ, "இன்னது வேண்டும்" என்று சொன்னால் போதும். நூறு வரி நிரல் சில நொடிகளில் வந்து நிற்கிறது. 2021-ஆம் ஆண்டில் கிட்ஹப் கோபைலட் வந்தது. 2025-இல் கிளாட் கோட் வந்தது. நம் கோப்புகளைத் தானே திறந்து, தானே படித்து, தானே திருத்தும் கருவி அது. இத்தகைய கருவிகள் இன்று மாணவர் கைக்கும் எட்டிவிட்டன. இவை வேண்டுமா, வேண்டாவா என்று பட்டிமன்றம் நடத்துவதில் இனிப் பயனில்லை. இவற்றை நாம் ஆளப்போகிறோமா, இவை நம்மை ஆளப்போகின்றனவா என்பதே கேள்வி. அக்கேள்விக்கு விடை ஒரு சிறிய கோப்பில் இருக்கிறது என்பது என் கருத்து. அதை நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கிறேன்.

அறிவுறுத்தல் கோப்பு என்பது யாது?

நாமக்கல் மாவட்டத்தாருக்கு லாரியைக் கொண்டு சொன்னால் எளிதில் விளங்கும். வழக்கமான டிரைவர் வராத நாளில் ஆக்டிங் டிரைவர் ஒருவர் வருகிறார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஆனால் இந்த வண்டியைத் தெரியாது. பிரேக் எவ்வளவு பிடிக்கும், ஏற்றியிருக்கும் சரக்கு என்ன, எங்கே இறக்க வேண்டும், யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பவற்றை முதலாளி சொல்லித்தான் அனுப்ப வேண்டும். நிரல் எழுதும் கருவியும் அத்தகைய ஆக்டிங் டிரைவரே. ஒரு வேறுபாடு உண்டு: நேற்றைய உரையாடல் இன்று அதன் நினைவில் இருப்பதில்லை. நாள்தோறும் புதிதாக வேலைக்கு வருபவர் போலவே அது வருகிறது.

ஆதலால்தான், சொல்ல வேண்டியவற்றை ஒரு கோப்பில் எழுதி, நிரல் இருக்கும் அடைவிலேயே வைக்கும் வழக்கம் தோன்றியது. வேலை தொடங்கும்போதெல்லாம் கருவி அதை முதலில் படித்துக்கொள்கிறது. கிளாட் கோட் அதைக் கிளாட்.எம்டி என்ற பெயரில் தேடும். கோபைலட்டுக்கும் கர்சருக்கும் வேறு பெயர்கள். ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற பொதுப் பெயரும் 2025-இல் பரவி, அவ்வாண்டு டிசம்பரில் லினக்ஸ் பவுண்டேஷனின் அரவணைப்பில் வந்தது. பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. அது நிரல் அன்று. நாம் பேசும் மொழியில் எழுதப்படும் சாதாரண உரை.

நம் ஊர் வழக்கத்தை யார் சொல்வார்?

இக்கருவிகள் உலகெங்கும் உள்ள நிரல்களைப் படித்துப் பழகியவை. அவற்றுள் பெரும்பகுதி ஆங்கிலத்தை நினைத்து எழுதப்பட்டது. நாம் வாய் திறவாவிட்டால் அந்த வழக்கமே நம் நிரலிலும் வந்து அமரும்.

எடுத்துக்காட்டாக, "மோகனூர்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நான்கு என்று தொடக்கப்பள்ளிக் குழந்தையும் சொல்லும். பைத்தான் மொழியில் லென் என்னும் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஏழு என்று விடை வரும். ஒருங்குறியில் ஓகாரக் குறி, ஊகாரக் குறி, புள்ளி ஆகியவை தனித்தனிக் குறியீடுகள் என்பதே காரணம். ஓகாரக் குறியை இரண்டாகப் பிரித்து உள்ளிட்டிருந்தால் விடை எட்டாகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. "எழுத்தை எண்ண லென் கூடாது, ஓப்பன்-தமிழ் நூலகத்தைப் பயன்படுத்துக" என்று ஒரு வரி எழுதிவைத்தால் இக்குறை தீரும்.

மற்றொன்று பெயர். 1888-இல் நம் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையை அறியாதார் உண்டோ? அவர் தந்தையார் பெயரான வெங்கடராமன் என்பதிலிருந்து முதற்குறியீட்டை மட்டும் எடுத்துத் தலைப்பெழுத்தாக்கச் சொன்னால், "வெ" என்பது "வ" ஆகிவிடும். பிறந்த ஊரிலேயே கவிஞரின் தலைப்பெழுத்து மாறலாமா? இதைத் தடுப்பதற்கும் ஒரு வரி போதும்.

வருகைப் பதிவேட்டை அகரவரிசைப்படுத்தினால் கமலாவுக்கு முன் கனகா வந்து நிற்பார். ஒருங்குறி அட்டவணையில் "ன" என்பது "ந"வுக்கு அடுத்து வைக்கப்பட்டிருப்பதே காரணம். நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி எழுத்து. கோழிப்பண்ணைக்குக் கணக்கு எழுதினால் 30 முட்டை ஒரு ட்ரே என்று சொல்ல வேண்டும். இல்லையேல் கருவி டஜன் கணக்கு போட்டுவிடக்கூடும். நிலத்துக்கு ஏக்கரும் சென்ட்டும், தொகைக்கு 1,50,000 என்று இலட்சத்தில் காற்புள்ளியும் வேண்டும். இவற்றை வெளிநாட்டு நிறுவனம் ஏதும் நமக்காக எழுதித் தராது. நாம்தான் எழுத வேண்டும்.

எழுதும் முறை

வலைத்தளங்களில் கிடைக்கும் நீண்ட கோப்புகளை அப்படியே படியெடுத்து வைக்கும் நண்பர்களைக் காண்கிறேன். அது பிறர் வீட்டு மருந்துச் சீட்டை நாம் வாங்கிச் சாப்பிடுவது போன்றது. "நல்ல நிரல் எழுதுக", "கவனமாகச் செய்க" என்னும் வரிகளால் பயனில்லை. "தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் காட்டுக", "திருத்திய பின் சோதனைகளை இந்தக் கட்டளையால் ஓட்டுக" என்பனவே பயன்படும் வரிகள். கோப்பு நீள நீளக் கருவியின் கவனம் சிதறும். ஒரு பக்கம் போதும். கருவி ஒரே பிழையை இரண்டாம் முறை செய்தால் அதற்கு ஒரு வரி சேர்க்கலாம்; தேவையற்றுப் போன வரியைத் தயங்காமல் நீக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். கோப்பில் எழுதிவிட்டால் கருவி கட்டாயம் கேட்கும் என்று எண்ணலாகாது. அது அறிவுரையே அன்றிப் பூட்டு அன்று. தவறவே கூடாததற்குச் சோதனை நிரல்தான் காவல். அடுத்து, நிரலோடு இக்கோப்பும் பலர் கைக்குப் போகும். கடவுச்சொல்லையோ மாணவரின் ஆதார் எண்ணையோ அதில் எழுதவே கூடாது.

ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமோ என்று கிராமத்திலிருந்து வரும் நம்மில் பலர் தயங்குகிறோம். வேண்டுவதில்லை, தமிழில் எழுதினாலும் கருவி படிக்கும். ஆங்கிலத்தைவிடத் தமிழ் உரை கருவிக்குள் கூடுதல் இடம் பிடிக்கும் என்பது உண்மையே. ஒரு பக்கத்துக்கு அது பெரிய சுமையாகாது. அரைகுறை ஆங்கிலத்தில் எழுதிய பத்து வரியைவிடத் தெளிந்த தமிழில் எழுதிய ஐந்து வரி மேல்.

ஆசிரியர்களின் அச்சமும் என் வேண்டுகோளும்

இக்கருவிகளால் மாணவர் சிந்திக்க மறந்துவிடுவர் என்று ஆசிரியர்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தில் உண்மை உண்டு. கேட்டதும் கிடைக்கும் நிரலை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதி மதிப்பெண் பெறுபவன் எதைக் கற்றான்? ஆனால் அறிவுறுத்தல் கோப்பு அத்தகையதன்று. லென் ஏன் ஏழு என்கிறது என்பதை அறியாதவனால் அந்த வரியை எழுத முடியாது. கனகா ஏன் முந்தி வந்தார் என்று ஆராயாதவனுக்கு அப்படி ஒரு வரி தேவை என்பதே தோன்றாது. கருவியையே அக்கோப்பை எழுதச் சொல்வோரும் உண்டு. நிரலைப் பார்த்து அதுவும் எழுதித் தரும். ஆயினும் நிரலில் இருப்பதைத்தான் அது சொல்ல முடியும். நம் பண்ணையிலும் பதிவேட்டிலும் இருப்பதை அது எங்ஙனம் அறியும்? நிரலை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். இக்கோப்பை, வேலையை உணர்ந்தவன் மட்டுமே எழுத முடியும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. நம் துறையில் இறுதியாண்டுத் திட்டப்பணி ஒவ்வொன்றோடும் மாணவரே எழுதிய ஒரு பக்க அறிவுறுத்தல் கோப்பையும் கேட்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் அதன் ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று வினவ வேண்டும். காரணம் சொல்ல இயலாத வரிக்கு மதிப்பெண் தர வேண்டா. நல்ல வரிகளைத் துறையின் பொதுக்கோப்பில் சேர்த்து, ஆண்டுதோறும் வரும் இளையோருக்குக் கொடுக்க வேண்டும். பத்தாண்டுகளில் அது இவ்வட்டாரத்தின் கணக்கும் மொழியும் அறிந்த ஏடாக வளர்ந்துவிடும்.

மாணவ நண்பர்களே! கருவி யார் சொன்னாலும் கேட்கும். நாம் சொல்லாவிட்டால் வேறொருவர் சொல்லியதைக் கேட்டு நடக்கும். நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் நாம். நம் ஊரின் கணக்கு நமக்குத் தெரியும்; நம் மொழியின் எழுத்து நமக்குத் தெரியும். தெரிந்ததைத் தெளிவாக எழுதக் கற்போம். கணிப்பொறிக்கு நாமே ஆசிரியராவோம்!