மூச்சு வாங்குகிறவர்களின் கொள்கைப் பிரகடனம்

நாள்பட்ட நுரையீரல் நோயோடு வாழ்கிற நாங்களும், எங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். மருத்துவர் சீட்டில் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று எழுதப்பட்டவர்கள், காசநோய் குணமான பிறகும் நுரையீரல் பழுது நீங்காதவர்கள், பஞ்சாலையிலும் கல்குவாரியிலும் தூசி குடித்தவர்கள், விறகடுப்பு முன் பாதி ஆயுளைக் கழித்த பெண்கள் என எல்லோரும் இதில் இருக்கிறோம்.

இன்ஹேலர் எழுதித் தருகிறார்கள், நெபுலைசர் வைக்கிறார்கள். பயத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. படுத்தால் அடைக்குமோ என்று இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறோம். குளியலறைக் கதவைத் தாழிடத் தயங்குகிறோம். மின்சாரம் போனால் ஆக்சிஜன் மெஷின் நின்றுவிடுமே என்று தவிக்கிறோம். பயந்தால் மூச்சு வேகமாகிறது. குழாய்கள் சுருங்கிய நுரையீரலில், உள்ளே போன காற்று முழுதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. நெஞ்சு இறுக, பயம் இன்னும் கூடுகிறது. இது மனப்பிரமை அல்ல, நோயே இப்படித்தான் வேலை செய்கிறது. ஆகவே பயத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சிகிச்சை நுரையீரல் சிகிச்சையில் அடக்கம் என்பதே எங்கள் முதல் கொள்கை.

“பம்ப் அடிச்சா பழகிடும்” என்ற பேச்சுக்கு அஞ்சி இன்ஹேலரை முந்தானையில் மறைப்பவர்கள் எங்களில் உண்டு. மகள் கல்யாணம் முடியட்டும் என்று நோயையே மறைத்தவர்களும் உண்டு. மண்டபம் மாடியில் என்றால் பத்திரிகை வந்தும் போவதில்லை.

“பீடி, சிகரெட் உண்டா?” இதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. புகையிலை இந்நோய்க்கு முக்கியக் காரணம், மறுக்கவில்லை. அதை விட்டொழிக்க உதவியும் கேட்கிறோம். ஆனால் பீடி குடித்தவருக்கும் மூச்சு முட்டத்தான் செய்கிறது. இந்த இயக்கத்தில் யாரிடமும் காரணம் கேட்கப்படாது.

மருத்துவர்களே, தூக்கம் எப்படி, பயம் எப்படி என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அரசு ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியை மனநல ஆலோசனையோடு நடத்த வேண்டும். 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. கூடவே மூச்சுப் பயிற்சியும் வரட்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நாள்பட்ட நுரையீரல் நோய் அதில் இல்லை. பத்தடி நடந்தால் நின்றுவிடுகிறவர் பேருந்தில் இடம் கேட்டால், “பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க” என்கிறார்கள். அந்தப் பட்டியலில் எங்களையும் சேர்க்க வேண்டும்.

வீட்டாருக்கு ஒன்று: மூச்சு முட்டும்போது “மனசைத் திடமா வச்சுக்கோ” என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி மூச்சுவிடுங்கள், நாங்களும் உங்களோடு விடுவோம். ராத்திரி தூங்காமல் எங்கள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் களைப்பும் இயக்கத்தின் கவலைதான்.

ஆண்டுதோறும் நவம்பர் மூன்றாவது புதன்கிழமை, உலக சிஓபிடி நாளில் கூடுவோம். கூட்டம் தரைத்தளத்தில்தான் நடக்கும். பேச்சின் நடுவே நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டோம். வாருங்கள்.